பிஎஸ்5-ஆ, எக்ஸ்பாக்ஸா, சுவிட்சா? 1,600 வெள்ளிக்கு எது தேறும்?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். செம்பனை ஆலையில் வேலை. டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்க ஓவர்டைம் காசில் 1,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். ஈப்போவில் ஒருவர் டிஸ்க் போடுகிற பழைய பிஎஸ்5-ஐ (சோனியின் பிளேஸ்டேஷன் 5) 1,500-க்குத் தருகிறேன் என்கிறார். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் 950-க்கும், நிண்டெண்டோவின் சுவிட்ச் ஓலெட் 850-க்கும் வந்திருக்கின்றன. கூட்டாளிகள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். எனக்குக் கால்பந்து விளையாட்டும், ஜிடிஏ என்கிற கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவும் இருந்தால் போதும். வீட்டில் ஃபைபர் இணையம் கிடையாது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். 32 அங்குல டிவி ஒன்றுதான் இருக்கிறது. ராத்திரி 7 மணியிலிருந்து 10 வரை அம்மா சீரியல் பார்ப்பார். வாரக் கடைசியில் அக்கா பிள்ளைகள் இருவர் வருவார்கள். எதை வாங்கினால் போட்ட காசுக்கு மதிப்பு?

பதில்: தம்பி, கூட்டாளிகள் சொல்வதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அவர்கள் பெட்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு: ஃபைபர் இல்லை, டிவி ஒன்றுதான். இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் பதில் சொல்ல முடியும்.

முதலில் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ். 2020 நவம்பரில் வந்த பெட்டி. சின்னது, சத்தம் இல்லாதது, 950 வெள்ளிக்கு நல்ல வேகம். நகரத்தில் ஃபைபர் வைத்திருக்கிறவருக்கு கேம் பாஸ் சந்தாவோடு (மாதக் காசு கட்டிப் பல விளையாட்டுகளை இறக்கி ஆடுவது) சேர்த்து இதை நானே பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் அதில் டிஸ்க் போட இடமே இல்லை. விளையாட்டு எதுவாக இருந்தாலும் இணையத்தில்தான் இறக்க வேண்டும். இன்றைக்குப் பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபி வரை போகிறது. உங்கள் ஹாட்ஸ்பாட் நொடிக்கு 10 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தடவைகூட அறுந்து போகாமல் ஓடினாலே 100 ஜிபி இறங்க 22 மணி நேரம் ஆகும். மழை பெய்தால் தோட்டத்தில் லைன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதத்து டேட்டாவும் அதோடு தீர்ந்துவிடும். அப்புறம் பெட்டியின் சேமிப்பு 512 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும், விளையாட்டுக்குக் கிடைப்பது 364 ஜிபிதான். நாலைந்து பெரிய விளையாட்டு போட்டால் நிறைந்துவிடும். ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்ற மறுபடியும் 22 மணி நேரம். உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம்.

சுவிட்சைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே மனம் தடுமாறுகிறது. அந்தப் பெட்டி எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2017 மார்ச்சில் வந்தது. ஓலெட் மாடல் 2021 அக்டோபரில், 7 அங்குலத் திரையோடு. அம்மா சீரியல் பார்க்கும்போது நீங்கள் பாட்டுக்கு வாசல் தாழ்வாரத்தில் கையில் வைத்து விளையாடலாம். கார்ட்ரிட்ஜ் என்ற சின்ன விளையாட்டு அட்டையைச் செருகினால் பெரும்பாலான விளையாட்டுகள் அப்படியே ஓடும், மணிக்கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜ் பழசானாலும் விலை லேசில் இறங்காது. அக்கா பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டது ஜிடிஏ. ஐந்தாம் பாகம் சுவிட்சில் வரவே இல்லை. அதற்கு முந்திய பழைய மூன்று பாகங்களின் தொகுப்புதான் இருக்கிறது. பந்து விளையாட்டு உண்டு, பிளேஸ்டேஷனில் ஆடிய கைக்கு அது கொஞ்சம் மட்டமாகத்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்ததை விட்டுவிட்டு உங்கள் ஓவர்டைம் காசில் வேறு ஒன்றை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-ஐ யாராவது காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு வருகிற கார்ட்ரிட்ஜ்களில் சிலவற்றில் விளையாட்டே இருக்காது, திறவுகோல் மட்டும்தான் இருக்கும். விளையாட்டை இணையத்தில்தான் இறக்க வேண்டும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே அதை அச்சிட்டிருப்பார்கள்.

இனி பிஎஸ்5. மூன்றில் உங்களுக்கு நெருங்கி வருவது இதுதான், ஏனென்றால் டிஸ்க் போடலாம். ஆனால் 1,600-ல் 1,500 பெட்டிக்கே போய்விட்டால் மிச்சம் 100 வெள்ளி. அக்கா பிள்ளைகள் வந்தால் இரண்டாவது கண்ட்ரோலர் வேண்டும். பிஎஸ்4 கண்ட்ரோலரை வைத்து பிஎஸ்5 விளையாட்டுகளை ஆட முடியாது, பிஎஸ்4 விளையாட்டுகளை மட்டும்தான் ஆடலாம். டிஸ்க் வாங்கவும் காசு இருக்காது. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருப்பீர்கள். இன்னொன்று, உங்கள் டிவி 32 அங்குலம். அந்த அளவு டிவிகளில் பெரும்பாலானவை 1366-க்கு 768 புள்ளிகள்தான் காட்டும். பிஎஸ்5-ஆல் காட்ட முடிகிற 4கே என்ற மிகத் தெளிவான படம் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது.

ஆகவே நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பழைய பிஎஸ்4 ஸ்லிம் வாங்குங்கள். 2016-ல் வந்த ஒல்லி மாடல், பின்பக்க ஒட்டுத்தாளில் எண் சியூஎச் 2 (CUH-2) என்று தொடங்கும். என் கடைக்கு வருகிற நல்ல நிலைமைப் பெட்டிகள் 500-லிருந்து 650 வெள்ளிக்குள் போகின்றன. ஜிடிஏ ஐந்தாம் பாகம் 2014-லேயே பிஎஸ்4-க்கு வந்துவிட்டது, ஒரே டிஸ்க். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற குதிரைக்காரன் கதை இரண்டு டிஸ்க்கில் வரும், 100 ஜிபி-க்குப் பக்கத்தில். அந்த இரண்டு டிஸ்க்கும் உங்களுக்கு 22 மணி நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. பந்தில், வருஷா வருஷம் வருகிற எஃப்சி வரிசை எஃப்சி 26 வரைக்கும் பிஎஸ்4-க்கு வந்திருக்கிறது. போன வருஷத்து, அதற்கு முந்திய வருஷத்து டிஸ்க்குகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட அதுவே போதும். இணையத்தில் மற்றவரோடு ஆட வேண்டுமென்றால்தான் பிஎஸ் பிளஸ் சந்தா தேவை.

"பழைய பெட்டியை வாங்கி ஏமாறச் சொல்கிறீர்களா" என்று கேட்பீர்கள். நான் சொல்வது டிஸ்க்குக்காக. பிஎஸ்4 டிஸ்க்குகள் ஏறத்தாழ எல்லாமே, டிஸ்க் போடுகிற பிஎஸ்5-ல் ஓடும். இப்போது வாங்குகிற ஒவ்வொரு டிஸ்க்கும் நாளைக்கு நீங்கள் பிஎஸ்5 எடுக்கும்போது கூடவே வரும். பெட்டியை விற்றால் கொஞ்சம் நட்டம் வரலாம். பழசாக வாங்கிய டிஸ்க்கை ஆடி முடித்துவிட்டு விற்றால் வாங்கிய விலையை ஒட்டியே கிடைக்கும். இறக்கிய விளையாட்டை விற்கவும் முடியாது, கூட்டாளிக்கு ஒரு வாரத்துக்குக் கொடுத்து வாங்கவும் முடியாது.

நான் வளர்ந்ததும் லயத்தில்தான். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எங்கள் வரிசையில் நாலு வீட்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்2 இருந்தது. அப்போதெல்லாம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கள்ள டிஸ்க் சில வெள்ளிக்குக் கிடைக்கும், கீறல் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம். டிஸ்க் மலிவு, பெட்டிதான் சொத்து என்று அப்போது ஊறின பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை. இன்றைக்கு அசல் டிஸ்க்தான் சொத்து. என் கடைக்கு வருகிற தோட்டத்துப் பையன்கள் சிலர் இதைப் புரிந்துகொண்டு, ஐந்து பேர் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு தடவை மாற்றிக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஐம்பது அறுபது வெள்ளிதான் செலவு, ஐந்து விளையாட்டு ஆடிவிடுகிறார்கள். உங்கள் தோட்டத்திலும் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

காத்திருந்தால் பிஎஸ்5 விலை இறங்குமே என்று ஒரு கணக்கு மனதில் ஓடலாம். முன்பெல்லாம் அப்படித்தான் நடந்தது. பிஎஸ்4 2013-ல் 399 டாலருக்கு வந்தது, மூன்றே வருஷத்தில் ஸ்லிம் 299-க்கு வந்தது. பிஎஸ்5 எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் 499 டாலராக இருந்த டிஸ்க் மாடல் 2025 ஆகஸ்டில் 549 ஆனது. விலை இறங்கும் என்று நம்பிக் காசை முடக்கி வைக்காதீர்கள். நாளைக்குப் பிஎஸ்5 எடுக்கும்போது டிஜிட்டல் என்று பெயர் போட்ட, டிஸ்க் போட இடமில்லாத மாடலை மட்டும் தொடாதீர்கள். 2023 நவம்பரில் வந்த ஸ்லிம் டிஜிட்டலுக்காவது டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், மாட்டும்போது ஒரு தடவை இணையம் வேண்டும், அதை ஹாட்ஸ்பாட்டிலேயே முடித்துவிடலாம். 2020-ல் வந்த முதல் டிஜிட்டலுக்கு அந்த வழியும் இல்லை. ஜிடிஏ ஆறாம் பாகம் பிஎஸ்4-க்கு வரப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் துடிக்கிறீர்கள் என்றால் இன்னும் சில மாதம் ஓவர்டைம் பார்த்து 2,200 ஆக்கிக்கொண்டு நேராக டிஸ்க் பிஎஸ்5-க்கே போய்விடுங்கள்.

அம்மாவின் டிவி விஷயத்துக்கு வருகிறேன். தோட்ட வீடுகளில் பெட்டி வாங்கிய மூன்றாவது வாரம் சண்டை வருவது இதனால்தான். மூன்று மணி நேரம் அவருடைய நேரம், அதில் கை வைக்க வேண்டாம். அலுவலகங்கள் கழித்துப் போடுகிற 22 அங்குலக் கணினித் திரைகள் ஈப்போவில் பழைய கணினிக் கடைகளில் 100, 150 வெள்ளிக்குக் கிடைக்கும். பெட்டியின் கேபிளை மாட்டுகிற எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிஎஸ்4 அனுப்புவது 1080 வரிப் படம்தான், அந்தத் திரைக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அந்தத் திரைகள் பலவற்றில் ஒலிபெருக்கி இருக்காது. பிஎஸ்4 கண்ட்ரோலரிலேயே இயர்போன் துளை இருக்கிறது, கைப்பேசி இயர்போனையே மாட்டிக்கொள்ளலாம். அம்மாவுக்கும் சத்தம் இல்லை.

கூட்டிப் பாருங்கள்: பெட்டி 600, பழைய கண்ட்ரோலர் இன்னொன்று 120, திரை 150, ஐந்து பழைய டிஸ்க் 250, மின்னல் தாங்கும் எக்ஸ்டென்ஷன் 60. மொத்தம் 1,180. கையில் 420 மிச்சம் இருக்கும்.

அந்த எக்ஸ்டென்ஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேராக்கில் சாயங்கால இடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடி இடித்தால் சுவரில் இருக்கிற மின் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஓய்வு நிலையில் விட்டுவிட்டுத் தூங்கப் போவதும் வேண்டாம், அதற்கு மின்னலைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் ஒரு பிஎஸ்4 வந்தது, திடீரென்று உயிர் போய்விட்டதாம். மூடியைக் கழற்றினேன். காற்றாடி இறகுகளில் செம்மண் தூசு மெத்தை மாதிரி ஒட்டியிருந்தது. மின்சாரப் பலகையின் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு பல்லி முட்டை ஓடுகள். அதற்கு மேலே, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் காய்ந்துபோன பல்லி. ஓய்வு நிலையில் பெட்டி வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்தச் சூட்டைத் தேடித்தான் பல்லி உள்ளே போகிறது. பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணி போட்டு மூடாதீர்கள், ஆடும்போது மூச்சு முட்டிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து தூசு தட்டக் கொடுங்கள்.

வாங்கப் போகும்போது ராத்திரியில், காரின் டிக்கியில் வைத்துக் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். மின்சாரமும் டிவியும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். நூறு விளையாட்டு உள்ளேயே ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால் அது பூட்டு உடைத்த பெட்டி. அதை இணையத்தில் சேர்த்தால் சோனி தடை போடலாம், அப்டேட் செய்தால் ஏற்றிய விளையாட்டுகளும் ஓடாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திரும்பி வாருங்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே நுழைந்து பாருங்கள். தடை போட்ட பெட்டி அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். கூட்டாளியிடம் ஒரு பந்து டிஸ்க்கைக் கடன் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டு, அரை மணி நேரமாவது ஆடுங்கள். காற்றாடி மோட்டார் சைக்கிள் மாதிரி இரைந்தால் உள்ளே தூசு அடைந்திருக்கலாம், அல்லது சிப்பின் சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்திருக்கலாம். அதைச் சரி செய்யலாம், விலையில் ஐம்பது வெள்ளி குறைத்துக் கேளுங்கள். கண்ட்ரோலரைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு ஆட்டக்காரனைப் பாருங்கள்; அவன் தானாக நடந்தால் கண்ட்ரோலரில் விரலால் தள்ளுகிற குச்சி தேய்ந்திருக்கிறது. கடைசியாக, கைப்பேசி விளக்கைப் போட்டு எச்டிஎம்ஐ துளைக்குள் பாருங்கள். உள்ளே இருக்கிற சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக நேராக நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். உங்கள் விலைக்கு வேறு பெட்டி அடுத்த வாரமே வரும்.