இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்தவற்றில் பாதிக் கடிதங்கள் ஒரே வரிதான்: "செடியில் பூச்சி, என்ன மருந்து அடிக்கலாம்?" எந்தச் செடி, பூச்சி என்ன நிறம், இலைக்கு மேலா கீழா, ஒன்றும் கிடையாது. டாக்டரிடம் போய் "வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டுவீர்களா? பதில் சொல்லும்படி எழுதியிருந்தவர்களுக்கு மட்டும் இங்கே பதில். மற்றவர்கள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: தொட்டிச் செம்பருத்தியில் மொட்டு, கொழுந்து எல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கிறது. வேப்பெண்ணெய் மூன்று முறை அடித்தும் போகவில்லை. (ஈரோடு)

பதில்: மாவுப்பூச்சி. எண்ணெயை எப்படிக் கலந்தீர்கள் என்று எழுதவில்லையே. தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் அது மிதக்கத்தான் செய்யும். முதலில் வெறும் தண்ணீர் தெளிப்பீர்கள், கடைசியில் வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய். அதைக் காதி சோப்புக் கரைசலில் பால்போல வரும்வரை அடித்துவிட்டு, அப்புறம் தண்ணீரில் சேருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

அடுத்து, தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பக்கத்துச் செடிக்கும் தூக்கிக்கொண்டு போகும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை விரட்ட முடியாது. தொட்டியைச் செங்கல்மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். செடியின் கிளை சுவரைத் தொடாமல் இருக்கட்டும். அதிகம் அப்பியிருக்கும் நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பஞ்சுக் கூட்டத்துக்குள் கொஞ்சம் பெரிதாக, வெள்ளைக் குஞ்சம் தொங்க, விறுவிறுவென்று நடக்கும் ஒன்றைப் பார்த்தால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 2008 வாக்கில் கோவைப் பக்கம் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் மாவுப்பூச்சி மொட்டையடித்தபோது மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. விஷம் தெளித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட கூலியில்லாத வேலைக்காரர்கள்தான்.

கேள்வி: தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது. என்ன நோய்? (திண்டுக்கல்)

பதில்: நோயே இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் செடி அதை எடுத்துக்கொள்வதில்லை. தினமும் ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள்.

கேள்வி: வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோல் ஆகிவிட்டது. காயும் வெளுத்து வருகிறது. (மதுரை)

பதில்: மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது, கிடையாது, கிடையாது. இன்றைக்கே பிடுங்குங்கள், பத்துச் செடியில் இரண்டு போனால் எட்டு மிஞ்சும். மஞ்சள் ஒட்டுப்பொறி (பசை தடவிய மஞ்சள் அட்டை) ஒன்று தொங்கவிடுங்கள். அடுத்த விதைப்புக்கு நோய் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை.

கேள்வி: கறிவேப்பிலைச் செடியைப் புழு மொட்டையாகத் தின்றுவிடுகிறது. உரக்கடையில் ஒரு பொட்டலம் குருணை மருந்து கொடுத்தார்கள். தொட்டிக்கு எத்தனை ஸ்பூன் போட வேண்டும்? (சென்னை)

பதில்: ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பொட்டலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டிவிடாதீர்கள்.

உங்கள்மேல் கோபம் இல்லை. எத்தனை ஸ்பூன் என்று கேட்கவாவது தோன்றியதே, கேட்காமல் கொட்டியவர்கள் எத்தனையோ பேர். வீட்டுச் செடி என்று தெரிந்தும் வயலுக்கான விஷத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பழக்கத்தின்மேல்தான் கோபம். பூச்சி மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம்; அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் நிறத்தில் வைத்தார்கள். பொட்டலத்தில் நிறம் ஏது, பெயர் ஏது? நாளைக்கு யாருக்காவது வாந்தி, மயக்கம் வந்தால் மருத்துவரிடம் என்ன விஷம் என்று சொல்வீர்கள்?

குருணையாக விற்பதில் பெரும்பாலானவை ஊடுருவிப் பாயும் ரகம். மண்ணில் கரைந்து, வேர் உறிஞ்சி, இலைக்குள் போய் உட்காரும். புழு இலையைத் தின்று சாவதே அதனால்தான். அதே இலையை நாம் தாளிக்கிறோம், அரைத்துத் துவையல் செய்கிறோம். மேலே தெளித்ததைக் கழுவினால் ஓரளவு போகும். உள்ளே ஓடுவதை எந்தக் குழாயில் கழுவுவது? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் கறிவேப்பிலை கொடுத்தனுப்புவார்கள். கரும்பச்சையாக, ஒரு புள்ளி கூட இல்லாமல் இருக்கும். எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். "மாதம் ஒரு பிடி குருணை போடுவேன், ரோஜாவுக்குப் போடுவதுதான்" என்றார் அந்த அம்மா, பெருமையாக. அன்றிலிருந்து புழு கடித்த இலையைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

சரி, உங்கள் புழுவுக்கு வருவோம். சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகவும், வளர்ந்ததும் பச்சையாகவும் இருக்கிறதா? தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீட்டி ஒரு வாடை விடுகிறதா? அப்படியென்றால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம். அதனால் இரண்டிலும் முட்டையிடும். காலையில் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள். பத்துப் பதினைந்து புழு இருக்கும், கையால் எடுத்துவிடலாம். கொல்ல மனமில்லை என்றால் ஒரு கிளையை அதற்கு விட்டுவிடுங்கள். வேர் நன்றாக இருந்தால் மொட்டையான செடி மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி தளிர்க்கும்.

ஏற்கெனவே குருணை போட்டாயிற்று என்பவர்கள் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு இலையும் பறிக்காதீர்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அளவு தெரியாமல் போட்ட விஷத்துக்கு நாள் கணக்குக் கிடையாது. நாற்றுப் பண்ணையில் புதுக் கன்று 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும்.

கேள்வி: கொய்யா இலை முழுக்கக் கரி பூசியதுபோல் கறுப்பு. பூஞ்சாண மருந்து அடிக்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: பொள்ளாச்சியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அண்ணாந்து பாருங்கள், மேலே தென்னை மட்டை இருக்கும். சுருள் வெள்ளை ஈ 2016-ல் முதன்முதலாகத் தலைகாட்டியதே உங்கள் பக்கம்தான். மட்டையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், கீழே இனிப்பு நீரைச் சொட்டும்; அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். கொய்யாவிலும் இந்த ஈ உட்காரும், ஆகவே கொய்யா இலையின் அடியையும் பாருங்கள். 25 கிராம் மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, கறுத்த இலைமேல் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து கரியோடு உரிந்து விழும். ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், குழாயை அழுத்திப் பிடித்து அடிக்கும் தண்ணீரும் போதும். தென்னைக்கு விஷ மருந்து அடிக்காதீர்கள். ஈயின் குஞ்சுகளைத் தின்று வளரும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும்.

கேள்வி: கோரை போகவே மாட்டேன் என்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

பதில்: சொன்னவர் வீட்டு மண்ணில் முதலில் ஊற்றச் சொல்லுங்கள். கோரை எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதற்குப்பின் அங்கே கத்தரி வராது.

மேலே பிடுங்கினால் புல்தான் வரும். கிழங்கு கீழே மணிமாலைபோல் கோத்துக் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் ஊசிபோல் குத்திக்கொண்டு வெளியே வருகிற சாதி அது. சின்னப் பாத்தி என்றால் ஒரு முழம் தோண்டி மண்ணைச் சலித்துக் கிழங்கைப் பொறுக்குங்கள். பெரிய இடம் என்றால் தட்டைப்பயறு நெருக்கமாக விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. முளை விடும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிழங்கு தளரும். ஒரு வருஷ வேலை. பொறுக்கிய கிழங்கை உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குவதும் இதைத்தான் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்காது, தெரியும்.

கேள்வி: தரையோடு படர்ந்து தானாக முளைத்திருப்பது பருப்புக்கீரை என்கிறார் மாமியார். சமைக்கலாமா? (சேலம்)

பதில்: தண்டை உடையுங்கள். பால் வந்தால் அம்மான் பச்சரிசி வகை, குழம்புச் சட்டிக்கு வேண்டாம். பால் வராமல், தண்டும் இலையும் சதைப்பற்றாக, வாயில் வைத்தால் லேசாகப் புளித்தால் பருப்புக்கீரை. உடைத்துப் பார்க்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

கேள்வி: மழை பெய்ததும் உள்ளங்கை அளவு நத்தைகள். ஒரே இரவில் நாற்றெல்லாம் காலி. (நாகர்கோவில்)

பதில்: ஆப்பிரிக்கப் பெரு நத்தை. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் தழையைப் போட்டு வையுங்கள். இரவு டார்ச்சோடு போனால் கூட்டமாக மாட்டும். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பு வாளியில்தான், பாத்தியில் இல்லை. வெறும் கையால் தொடாதீர்கள், மனிதரைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

கேள்வி: செடி வாடுகிறது. உடனே மருந்து சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

பதில்: என்ன செடி?