காசு கொடுத்து வாங்கிய பிரிண்டர் யாருடையது?

கேள்வி: அண்ணே, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய லேசர் பிரிண்டரில் இதுவரை ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ்தான் ஓடியது. போன மாதம் ஏதோ அப்டேட் கேட்டது, சரி என்று அழுத்திவிட்டேன். மறுநாளே கார்ட்ரிட்ஜை ஏற்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால், "ரீஃபில் போடுவதே பேட்டன்ட் மீறல், கம்பெனி கேஸ் போட்டால் தெரியும்" என்று மிரட்டுகிறார். நிஜமா? (சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: கேஸ் பயத்தை முதலில் விடுங்கள் தம்பி. பேட்டன்ட் என்றால் ஒரு கண்டுபிடிப்பைச் செய்து விற்க அதன் சொந்தக்காரருக்கு மட்டும் சட்டம் தரும் உரிமை. இதே சண்டை அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டு விலைக்கு விற்றது: முழு விலைக்கு ஒன்று, சுமார் 20 சதவீதம் தள்ளுபடியில் இன்னொன்று. தள்ளுபடியில் வாங்கினால் ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும், காலியானதும் கம்பெனிக்கே திருப்பித் தர வேண்டும். இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் அந்தக் காலி கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, நிரப்பி விற்றதும், பேட்டன்ட் மீறல் என்று வழக்கு வந்துவிட்டது. கீழ்க் கோர்ட்டில் லெக்ஸ்மார்க் ஜெயித்தது. 2017 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஒரு பொருளை விற்றுக் காசு வாங்கியதும் அந்தப் பொருளின் மேல் பேட்டன்ட் உரிமை தீர்ந்துவிடுகிறது, என்ன நிபந்தனை எழுதி வாங்கியிருந்தாலும் அதைப் பேட்டன்ட் வழக்காக்க முடியாது என்றது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொன்ன உதாரணம் நமக்கும் புரியும். பழைய காரைச் சரிசெய்து விற்கும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள், காருக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களைச் செய்தவர்கள் எல்லாரும் விற்ற பிறகும் வந்து உரிமை கேட்டால் அந்தத் தொழில் நடக்குமா?

அமெரிக்கத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்பது சரிதான், ஆனால் உங்கள் சொந்தக் கார்ட்ரிட்ஜில் பொடி நிரப்பி உங்கள் பிரிண்டரிலேயே மாட்டுவதற்குச் சர்வீஸ்காரர் பேட்டன்ட் பெயரைச் சொல்லி மிரட்டுவது வெறும் வியாபாரப் பேச்சு. புதிதாக ஒரு கார்ட்ரிட்ஜை அச்சு அசலாகத் தயாரித்து விற்பதும், நிரப்பியதை ஒரிஜினல் கம்பெனி அட்டைப்பெட்டியில் போட்டு விற்பதும் வேறு கதை. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோர்ட்டில் கிடைக்காததைக் கம்பெனிகள் இப்போது கார்ட்ரிட்ஜில் சிப் வைத்துப் பிடித்துக்கொள்கின்றன. அப்டேட் வந்ததும், தங்கள் சிப் இல்லாத கார்ட்ரிட்ஜைப் பிரிண்டர் மறுத்துவிடும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல இப்படித்தான் திடீரென்று வெளிக் கார்ட்ரிட்ஜ்களை மறுத்தன. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் (வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் அமைப்பு) அந்தக் கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. இப்படி ஒரு தடை இருப்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அங்கே முக்கியமான குற்றச்சாட்டு. உங்களுக்கும் பிடி அதுதான். பிரிண்டர் வந்த பெட்டியைத் தேடி எடுத்து, அடியில் பொடி எழுத்தில் 'ஒரிஜினல் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே' என்பதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கு கொஞ்சம் இளைக்கும். இல்லையென்றால் திரையைப் படம் எடுத்து, பில்லோடு கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், அப்புறம் 1915-க்குப் போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனால் பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

கடைக்கு வாங்கிய பொருள், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியதென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் நுகர்வோராகவே ஏற்கிறது. அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த பிரிண்டர் வாங்கும்போது ஷோரூமுக்குப் போகும் முன் ரீஃபில் போடுகிற பையனிடம் போய்க் கேளுங்கள். எந்த மாடல் மக்கர் பண்ணும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

கேள்வி: வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினேன். இப்போது காரில் ஏசி வேலை செய்யவில்லை, வாரன்டி போச்சு என்கிறார்கள்.

பதில்: ஆயிலுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல் பொத்திப் பொத்தி வைத்ததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்ததற்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அதே உத்தரவில் சொன்னது. அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன, அது தனிக் கதை. 'வாரன்டி இல்லை' என்பதை வாய்ப்பேச்சாக விடாமல், காரணத்தோடு மெயிலில் கேட்டு வாங்குங்கள். மெயில் கேட்டதுமே பலருக்குக் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: மஞ்சள் கலந்த எண்ணெய், 'பேட்டன்ட் பெண்டிங்' என்று போட்டு மூன்று மடங்கு விலை. வாங்கலாமா?

பதில்: 'பெண்டிங்' என்றால் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. பேட்டன்ட் கிடைத்தாலும் அது புதுசு என்பதற்கான தாள், குணமாகும் என்பதற்கு இல்லை. காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995-ல் அமெரிக்காவில் பேட்டன்டே கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி எதிர்க்க, 1997-ல் ரத்தானது. உங்கள் பாட்டில்காரரிடம் விண்ணப்ப எண் கேளுங்கள், பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். எண் தர மாட்டேன் என்றால் பக்கத்துச் செக்கில் நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள்.