ஆய்விதழுக்கு அனுப்புமுன்: கடலோர ஆய்வாளர்களின் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் கடல்சார் ஆய்வு செய்கிற சிலர் கேட்டவை இவை. ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தொண்டியிலிருந்து: ‘ஐந்தே நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள்’ என்று ஓர் இதழிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நம்பலாமா?

வேண்டாம். ஒழுங்கான மதிப்பாய்வுக்கு வாரக்கணக்கில் ஆகும், பல நேரம் மாதக்கணக்கில். கட்டணம் வாங்குவதே தப்பில்லை. நல்ல இதழ்களும் வாங்குகின்றன. படிக்காமலே ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பணம் கேட்டால்தான் சிக்கல். நல்ல இதழின் பெயரையும், அதன் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐயும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. மெயிலில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேரைக் காட்டினாலும் மயங்க வேண்டாம், அந்தப் பட்டியலையே 2025-இல் யுஜிசி கைவிட்டுவிட்டது.

ராமநாதபுரத்திலிருந்து: எதுவுமே செய்யாத துறைத் தலைவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் கைடு.

சேர்க்கக் கூடாது. ஆனால் மோதினால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்பதும் தெரியும். பல இதழ்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பங்களிப்புக் குறிப்பு கேட்கின்றன. அந்தப் படிவத்தைக் கைடு முன்னால் வைத்து, “இவர் பங்குன்னு என்ன எழுதட்டும் சார்?” என்று பணிவாகக் கேளுங்கள்.

பாம்பனிலிருந்து: கடல்பாசி எடுக்கும் அக்காமார் சொன்னதை வைத்துத்தான் என் ஆய்வே. அவர்கள் பெயரை எங்கே போடுவது?

இப்படிக் கேட்பவர்கள் குறைவு. கஞ்சிப்பாசி எங்கே, எந்த மாதம் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டு, ‘உள்ளூர் மக்களிடம் தகவல் திரட்டப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அதற்காக உடனே நன்றிப் பகுதியில் பெயரை எழுதிவிடவும் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுப்பதில் வனத்துறையோடு அவர்களுக்கு இழுபறி உண்டு. பெயர், ஊர், எடுக்கும் இடம் மூன்றையும் அச்சில் போட்டால் அது அவர்களுக்கே எதிரான சாட்சியாகலாம். என்ன அச்சாகும் என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லி, பெயர் வேண்டுமா, படம் வேண்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒப்புதலும் நெறிமுறைக் குழு அனுமதியும் பேட்டிக்கு முன்பே வேண்டும்.

கூட்டாசிரியராகச் சேர்க்கலாமா? தாராளமாக. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகள்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. முதலாவதைச் செய்தவருக்கு மற்றவற்றிலும் வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. கட்டுரையைத் தமிழில் படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தை ஏற்றால் அதுவும் பங்குதான்.

மண்டபத்திலிருந்து: கடல் அட்டை என்ற உயிரினம் இருக்கும் இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை இதழ் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். 2001 முதல் பிடிக்கத் தடை, கடத்தலோ நின்றபாடில்லை. காரணத்தை எழுதினால் தோராயமான இடத்தை ஏற்பார்கள்.

ஏஐ கருவியை ஆசிரியராகப் போடலாமா?

கூடாது, அதனால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று குறிப்பிடுங்கள்.

ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு?

அதுவும் கூடாது. முதல் இதழிடம் எழுதித் திரும்பப் பெற்று, அவர்கள் பதில் வந்த பிறகே அடுத்தது.