தொப்பையும் நரம்பும்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கொழுப்பைக் கரைப்பது நரம்புகள்தான் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அப்படியானால் வயிற்றில் கட்டிக்கொள்ளும் மின் அதிர்வு பெல்ட்டால் தொப்பை குறையுமா? அப்பாவும் கேட்கிறார். அவருக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது.

ர., கோவை

அன்புள்ள ர.,

நரம்பு பற்றிக் கேட்டது உண்மைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, விலங்குகளின் உடலில் ஒரு பக்கக் கொழுப்புக்குப் போகும் நரம்பை மட்டும் அறுத்துவிட்டுப் பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு அறுந்த பக்கத்தில் கொழுப்பு அவ்வளவாகக் கரையவில்லை. இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்கள். வித்தியாசம் நரம்பு மட்டும்தான். இவ்வளவு எளிமையாக ஒரு பெரிய கேள்விக்கு விடை கண்ட சோதனைகள் குறைவு.

2015-இல் நரம்பியல் ஆய்வாளர் அனா டொமிங்கோஸின் குழு, எலியின் கொழுப்பு செல்களை நரம்பிழைகள் சுற்றிப் படர்ந்திருப்பதை நேரடியாகவே படமெடுத்தது. ஒளி பட்டால் தூண்டப்படும்படி மரபணு மாற்றிய நரம்புகளில் ஒளியைப் பாய்ச்சியபோது, அந்த இடத்துக் கொழுப்பு குறைந்தது.

நடப்பது இதுதான். நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்கி, உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்துவது சிம்பதெடிக் நரம்பு. அதன் முனை நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். கொழுப்பு செல்லின் மேல் இந்தச் செய்தியை வாங்கும் பீட்டா ஏற்பிகளில் அது பட்டதும், உள்ளேயுள்ள லிப்பேஸ் நொதிகள் சேமிப்புக் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் விடும். அதே செல்லில் இருக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகளோ இந்த உடைப்பைத் தடுக்கும். பெண்களின் இடுப்பு, தொடைப் பகுதிக் கொழுப்பில் இவை அதிகம். அங்கே மெலிவது தாமதமாக இதுவும் ஒரு காரணம். இது தெரியாமல் அவர்களைச் சோம்பேறி என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். போதாததற்கு, எடை குறையக் குறைய, கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் சரியும். மூளை பசியைக் கூட்டி, உடலின் ஆற்றல் செலவைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். அது தூண்டுவது வயிற்றுத் தசையைச் சுருக்கும் நரம்புகளை. கொழுப்புக்குள் போகும் சிம்பதெடிக் நரம்பு வேறு. அப்படியே கொழுப்பு உடைந்தாலும், உடைவது வேறு, எரிவது வேறு. வெளியே வந்த கொழுப்பு அமிலத்தைத் தசையும் மற்ற உறுப்புகளும் செலவழிக்காவிட்டால், அது திரும்பக் கொழுப்பாகவே சேர்ந்துவிடும். நடக்கும்போது நரம்பும் தூண்டப்படுகிறது, தசையும் செலவழிக்கிறது. அதனால் பெல்ட் வேண்டாம், நடையே போதும் என்பேன்.

அப்புறம், நார்அட்ரினலினைக் கூட்டும் மாத்திரை என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். அதே நார்அட்ரினலின்தான் இதயத்தையும் வேகப்படுத்துகிறது. இந்த வகையைச் சேர்ந்த சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது.

அப்பா அந்த பெல்ட்டைக் கட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். அதன் மின்சாரம் பேஸ்மேக்கரின் வேலையைக் குழப்பக்கூடும். வீட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.