லேத் பட்டறைக்குப் பசுமைச் சான்றிதழா?

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்காவிட்டால் அபராதம் என்று ஒரு ஏஜென்ட் மிரட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். காசு கொடுத்துவிடாதீர்கள் சார். மின்சாரத்தில் ஒரு பங்கு காற்று, சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க வழியில் வந்ததாக இருக்க வேண்டும் என்ற கடமை மின் விநியோக நிறுவனத்துக்கும், ஓப்பன் ஆக்ஸஸில், அதாவது ஈபியை விட்டு வெளியே வேறு விற்பனையாளரிடம் மின்சாரம் வாங்குபவர்களுக்கும், சொந்த மின்நிலையம் வைத்திருக்கும் ஆலைகளுக்கும்தான். நீங்கள் ஈபி மீட்டருக்கு பில் கட்டுபவர், அவ்வளவுதான். அந்தப் பங்குக்கு மத்திய அரசு வைத்த இலக்கு 2025-26இல் 33.01 சதவீதம், 2029-30இல் 43.33. அது அவர்கள் தலைவலி. இலக்கை எட்டாதவர்கள் மின்சாரச் சந்தையான எக்ஸ்சேஞ்சில் சான்றிதழ் வாங்கி ஈடுகட்டலாம், ஒரு சான்றிதழ் 1000 யூனிட்டுக்குச் சமம். சரி, எந்த விதிப்படி என்று அந்த ஆளிடம் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் போன் வருகிறதா பார்ப்போம்.