குடும்பத்தோடு குடியேற வேண்டுமென்றால் வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வயது 37. இயந்திர வடிவமைப்புப் பொறியாளர். மனைவி பள்ளி ஆசிரியை. 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு குழந்தைகள். நால்வருமாகக் குடியேற எந்த நாட்டில் எளிதாக வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டு வேலையை அங்கே தேடிக்கொள்ளலாம் என்று முகவர் ஒருவர் சொல்வதையும், அதற்கு அவர் முன்பணம் கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள்.

எந்த நாட்டில் வேலை கிடைக்கும் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வேலைக்கு எந்த வகை விசா தருவார்கள், அந்த விசா உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என்ன உரிமை தருகிறது என்பதுதான் முதல் கேள்வி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2009இல் வளைகுடா நாடு ஒன்றில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘சிங்கிள் ஸ்டேட்டஸ்’ என்று இரண்டே சொற்கள் இருந்தன. அவை என் திருமண நிலையைக் குறிப்பதாக நினைத்து, அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டேன். அந்த ஒப்பந்தக் காலம் முடியும்வரை நிறுவனம் குடும்பத்துக்கு விசா எடுத்துத் தராது என்பதுதான் அதன் பொருள். நான் புறப்பட்டபோது என் மகளுக்கு 7 மாதம். 14 மாதம் கழித்து விடுப்பில் போனபோது, நான் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் மேசையில் மூடிக் கிடந்த மடிக்கணினியைத் தட்டி ‘அப்பா’ என்றாள். அடுத்த வேலையைத் தேடும்போது சம்பளத்துக்கு முன்பே குடும்ப விசாவைப் பற்றி விசாரித்தேன். 2014இல் ஜெர்மனிக்கு வந்து, இன்றுவரை இங்கேயே இருக்கிறோம்.

ஒரே நாட்டுக்குள்ளேயே, ஏறக்குறைய ஒரே மாதிரியான பணியில் இருக்கும் இருவருக்குக்கூட இந்த உரிமை வேறுபடும். பிரிட்டனில் மருத்துவமனைச் செவிலியராகச் செல்பவர் கணவரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம்; ஆனால் 2024 மார்ச் 11 முதல் புதிதாக விண்ணப்பித்த, முதியோரையும் உடல்நலம் குன்றியோரையும் கவனித்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர்களுக்கு அந்த உரிமை இல்லை. 2025 ஜூலை 22 முதல், வெளிநாடுகளிலிருந்து பராமரிப்புப் பணிக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ‘பிரிட்டனில் வேலை’ என்று விளம்பரத்தில் பார்த்து, எந்தப் பிரிவு என்று கேட்காமல் வீட்டை விற்றுவிட்டுப் போன குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

சுற்றுலா விசா யோசனையை விட்டுவிடுங்கள். பிரிட்டனில் பார்வையாளராக நுழைந்தவர் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் கனடா, பார்வையாளர்கள் உள்நாட்டிலிருந்தே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தற்காலிகமாக இடம் கொடுத்திருந்தது. அதுவும் 2024 ஆகஸ்ட் 28 அன்று முடிவுக்கு வந்துவிட்டது. முகவர்கள் பலர் இன்னமும் அந்தப் பழைய கதையைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. கனடாவில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அனுமதி கோரும் நிறுவனம் ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் அரசுக்குக் கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியிடமிருந்து வசூலிப்பது சட்டவிரோதம். ஆகவே ‘அனுமதிக் கடிதத்துக்கு’ என்று உங்களிடம் பணம் கேட்பவரோடு பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், வெளிநாட்டவரின் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்று ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. நியூசிலாந்தும் தன்னிடம் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்க வசதி செய்திருக்கிறது. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

உங்கள் தொழிலுக்கு ஜெர்மனி பொருந்தும் என்று நினைக்கிறேன். நான் இங்கே இருப்பதால் சொல்லவில்லை. பொறியாளர்கள் இங்கே ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதியான ப்ளூ கார்டு பெறுவதற்கு 2025ஆம் ஆண்டில் பொதுவான ஆண்டு ஊதிய வரம்பு 48,300 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80 யூரோ. இத்தொகை ஆண்டுதோறும் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவர், வருவதற்கு முன் ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்த பிறகு எந்த வேலைக்கும் போகலாம். நீங்கள் அடிப்படை நிலையான ஏ1 அளவுக்கு மொழி கற்றால் 27 மாதத்திலும், இடைநிலையான பி1 முடித்தால் 21 மாதத்திலும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் ‘அனபின்’ என்னும் அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் பட்டத்துக்குத் தனி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்; அதற்குக் காலம் பிடிக்கும்.

கனடாவின் வழி வேறு. வயது, படிப்பு, மொழி போன்றவற்றுக்குப் புள்ளி தந்து ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், வேலை கையில் இல்லாமலேயே குடும்பத்தோடு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க முடியும். முன்பு வேலை வாய்ப்புக் கடிதத்துக்காகக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளையும் 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டார்கள். வயதுக்கான புள்ளிகள் 30இலிருந்து குறையத் தொடங்கி 45இல் பூஜ்யமாகிவிடும் என்பதால், உங்கள் வயதில் ஓராண்டைத் தள்ளிப்போடுவதும் இழப்புதான். கணவன், மனைவி இருவரில் யாரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் புள்ளி கூடுகிறது என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள்; ஆசிரியையான உங்கள் மனைவி மொழித் தேர்வில் உங்களைவிட அதிகம் எடுக்கக்கூடும். விண்ணப்பத்தில் உடன் வராதவர் உட்படக் குடும்பத்தினர் எல்லாரையும் காட்டியாக வேண்டும். ‘குழந்தை பிறகு வரும்’ என்று பெயரை விட்டுவிட்டால், பின்னாளில் அந்தக் குழந்தையை அழைத்துக்கொள்ளும் உரிமையே கேள்விக்குள்ளாகிவிடும்.

இனி வேலை தேடுவது. தொடக்கத்தில் நான் ஒரே பயோடேட்டாவைக் கண்ணில் பட்ட நிறுவனங்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் ஒரு பதிலும் வரவில்லை. ‘வடிவமைப்பில் ஐந்து ஆண்டு அனுபவம்’ என்றிருந்த வரியை எடுத்துவிட்டு, எந்த மென்பொருளில், எந்தப் பிளாஸ்டிக் பாகத்துக்கு மோல்டு என்னும் வார்ப்பு அச்சை வடிவமைத்தேன், அந்த மோல்டு உற்பத்திக்குப் போன பிறகு எந்தக் குறையைத் திருத்தினேன் என்று எழுதிய பின்புதான் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நேர்காணலிலும் அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்டார்கள். ஒவ்வொரு விளம்பரத்தையும் படித்து, அவர்கள் கேட்கும் பணியை நீங்கள் எங்கே செய்திருக்கிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே தெரியும்படி வையுங்கள். ஜெர்மன் அரசின் ‘மேக் இட் இன் ஜெர்மனி’, ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ‘யூரெஸ்’, கனடா அரசின் ‘ஜாப் பேங்க்’ ஆகிய தளங்களிலிருந்து தேடத் தொடங்குங்கள். சிறிய இயந்திர நிறுவனங்களில் பட்டறையோடு பேசித்தான் வேலை நடக்கும் என்பதால், அங்கே ஜெர்மன் தெரியாமல் காலம் தள்ளுவது கடினம். இன்றே வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

நிறுவனம் உங்களை எடுப்பதாகச் சொன்னதும், கையெழுத்திடும் முன் சில கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வகை விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்? குடும்பத்துக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க உதவுவீர்களா? விசாக் கட்டணமும் பயணச் செலவும் யாருடையவை? இடையில் விலகினால் அதைத் திருப்பிக் கேட்பீர்களா? பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு வசூலிக்கும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் மட்டுமே பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, சிறுவருக்கு 776 பவுண்டு. செவிலியர் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு விலக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. விசாக் காலம் முழுவதற்குமான தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால், நால்வருக்குக் கணக்குப் போட்டால் அது சிறிய தொகை அல்ல. வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: பிரிட்டனில் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், ஆஸ்திரேலியாவில் ஒரே தடவையில் 180 நாள் வரை அவகாசம் உண்டு. உங்கள் ஒருவரின் வேலையில் நால்வரின் வசிப்புரிமையும் தொங்குவதால், அத்தனை நாள் சமாளிக்கும் சேமிப்பு கையில் இல்லாமல் குடும்பத்தைக் கிளப்பாதீர்கள்.

உங்கள் மனைவியின் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது. ஆசிரியர் தொழில் பல நாடுகளில் உரிமம் பெற்றே செய்ய வேண்டிய தொழில். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலமும் தனியாக அங்கீகாரம் வழங்குகிறது. இங்குள்ள ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு பாடம் நடத்தத் தகுதி பெற்றவர்கள் என்பதால், ஒரே பாடத்தில் பட்டம் பெற்று வருபவர் இன்னொன்றைப் படிக்க நேரலாம். மொழியும் உயர்நிலையில் தேவை. இதற்கெல்லாம் சில ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்து அவர் சம்மதிப்பது வேறு. வந்து இறங்கிய பிறகு தெரிந்துகொள்வது வேறு. புறப்படும் முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மூத்த குழந்தையின் வயதையும் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களில் நான்காம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிந்து, பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் அது ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான். 9 வயதுக் குழந்தை மொழி தெரியாமல் அந்தப் பிரிவின் வாசலில் வந்து நிற்கும் என்பதால், எந்த ஊரில் வேலையை ஏற்கிறீர்கள் என்பதும் அந்தக் குழந்தையின் படிப்பைத் தொடும் முடிவு.

நீங்கள் இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்து வீடு பிடிப்பது நல்லது. ஆனால் குடும்பத்தின் விசா விண்ணப்பத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை தேடத் தொடங்கும் இந்த வாரமே, நால்வரின் பாஸ்போர்ட், திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்தும் மற்றொன்றில் முழுப்பெயரும் இருந்தால்கூடத் திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எங்கள் மகளின் பிறப்புச் சான்றில் என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தி வாங்கி, விசாவுக்கு மறுபடி நேரம் பெறுவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. மூவருக்காகப் பிடித்த வீட்டில் அந்த நான்கு மாதமும் நான் தனியாக இருந்தேன்.