வாசகர் கேள்வி: எத்தனை நாகரிகங்கள் போதும்?

கேள்வி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற போர் வியூக கேமில், நாம் தேர்ந்தெடுத்து ஆடும் நாகரிகங்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்களே, இதற்கு ஒரு எல்லை வேண்டாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 1999-இல் கேம் வந்தபோது 13, அடுத்த வருடமே 18, 2019 பதிப்பில் 35. என்னைக் கேட்டால் பதினெட்டே தாராளம். அதற்கு மேல் போனால் எந்த எதிராளி எந்தப் படையை இறக்குவான் என்று மனப்பாடம் செய்வதிலேயே பாதி உயிர் போய்விடும். நான்காம் பாகம் 2021-இல் வெறும் எட்டோடுதான் வந்தது, ஆனால் அதில் மங்கோலியர்கள் கட்டடங்களையே மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், அப்படி ஒவ்வொன்றும் தனி ரகம். சரி, நானும் யோக்கியன் இல்லை. 2022-இல் அதே இரண்டாம் பாகத்தில் ‘இந்தியர்கள்’ என்றிருந்ததை இந்துஸ்தானியர் ஆக்கி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என மூன்றைச் சேர்த்து, திராவிடருக்குச் சுருள்வாள் வீரனையும் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் காசு கட்டினேன்.